ஸ்லோவில் நிற்காத வண்டி

புதுச்சேரியில் கடலூர் சாலை ரயில்வே கேட் மூடியதும் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிடும். பலர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சிலர் மட்டும் ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கியபடியே இருப்பார்கள். கையை எடுத்தால் வண்டி ஆஃப் ஆகிவிடும், மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்ற பயம். காலையில் வீட்டு வாசலிலும் இதே கதைதான். உதைத்ததும் கிளம்பும், சில நொடி உறுமும், தடுமாறும், அணைந்துவிடும். "ஸ்லோல நிக்க மாட்டேங்குதுண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொல்வோம். முதலில் பிளக் மாறும், பிறகு ஏர் ஃபில்டர், பிறகு கார்ப்பரேட்டரே மாறும். பணம் போன பிறகும் சில வண்டிகளில் குறை அப்படியே இருக்கும்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். பாகத்தில் கை வைக்கும் முன் நேரத்தைக் கவனிக்க வேண்டும். கிளப்பிய எத்தனையாவது நொடியில், சோக் எந்த நிலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா வண்டி தடுமாறுகிறது என்று சொல்லத் தெரிந்தால், குறை இருக்கும் இடம் பாதி தெரிந்த மாதிரி.

இது பழைய கார் பிரியர்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகுதான் நம் இருசக்கர வண்டிகள் பெரும்பாலும் எரிபொருள் ஊசிமுறைக்கு, அதாவது ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு, மாறின. அதற்கு முன் விற்ற பைக், ஸ்கூட்டர், மொபெட்டுகளில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டர் வண்டிகள். அவை இன்றும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஓய்வு அல்ல, சோதனை

வண்டி நின்ற இடத்தில் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருப்பதை எஞ்சினின் ஓய்வு என்று நினைக்கிறோம். உண்மையில் எஞ்சினுக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. நூறு சி.சி. பைக் ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று உள்ளே இழுக்கப்படும். பிரெஞ்சுப் பொறியாளர் போ த ரோஷா 1862இல் எழுதி வைத்த சுழற்சி இது. 1876இல் ஜெர்மனியின் நிக்கொலஸ் ஓட்டோ இதை ஓடும் இயந்திரமாக்கினார். நம் பைக் ஸ்லோவில் நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றினால், 700 முறை காற்றை இழுக்கும். ஆனால் அப்போது காற்று வழியின் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போகும் வழியில் காற்றழுத்தம் வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 லிட்டர் காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதே வண்டி 6000 சுற்றில் முழு முறுக்கில் ஓடும்போது இழுப்பது சுமார் 250 லிட்டர்.

இப்போது கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்பு விழுந்து, நிமிடத்துக்கு 3 லிட்டர் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்குதான். வண்டி ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்லோவில் அதுவே நூற்றில் 12 பங்கு. பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். அதற்குமேல் 12 சதவீதம் கூடினால் கலவை 16.5ஐத் தொட்டுவிடும். மெக்கானிக்குகள் லீன் என்று சொல்லும் இந்த நிலையில், குளிர்ந்த எஞ்சினில் தீ சரியாகப் பிடிக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்லோவில் முந்தைய சுற்றின் புகை சிலிண்டரில் கணிசமாகத் தங்கிவிடுகிறது. அந்தப் புகையோடு கலந்து நீர்த்துப்போன கலவை மெதுவாகத்தான் எரியும். அதனால்தான் ஸ்லோவுக்குச் சற்றுக் கூடுதல் பெட்ரோல், அதாவது 12, 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல், தேவைப்படுகிறது. பிறக்கும் சக்தியோ உராய்வை ஈடுகட்ட மட்டுமே போதுமானது. கையிருப்பு எதுவும் இல்லை. ஒரு வெடிப்பு தவறினாலும் வேகம் சரியும். இரண்டு மூன்று தவறினால் எஞ்சின் நின்றுவிடும். எஞ்சினின் எந்தச் சிறு குறையும் முதலில் ஸ்லோவில் தலைகாட்டுவது இதனால்தான்.

அரை மில்லிமீட்டர் துளை

குறுகிய குழாயில் பாயும் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். இத்தாலிய இயற்பியலாளர் வென்சுரி 1797இல் இதை விரிவாக எழுதினார். குறைந்த அந்த அழுத்தத்தால் பெட்ரோலை மேலே இழுத்துத் தூவுவதுதான் கார்ப்பரேட்டரின் அடிப்படை. 1893இல் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கியும் சோன்காவும் தனித்தனியே இந்தத் தூவல் முறையைச் செய்து காட்டினார்கள். பிரான்சில் பிறந்த சோலெக்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புகள் பின்னாளில் நம் அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் உட்கார்ந்தன. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்குச் சென்னையின் யுகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து கார்ப்பரேட்டர் செய்தது.

ஆனால் வென்சுரியின் தத்துவம் ஸ்லோவில் வேலை செய்யாது. காற்று மெதுவாகப் போகும்போது பெட்ரோலை இழுக்கும் அளவுக்கு அழுத்தம் குறைவதில்லை. அதனால் ஸ்லோவுக்கென்றே தனி வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். மூடிய த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம் உள்ள வெற்றிடம், ஸ்லோ ஜெட் என்ற பித்தளைத் துண்டின் வழியே பெட்ரோலை உறிஞ்சுகிறது. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு பழைய ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரியும். அடைபட்டிருந்தால் பழுப்பு நிறப் படலம் ஓரத்தைக் கடித்து, புள்ளி பிறைபோலச் சிறுத்திருக்கும். மொத்த வண்டியும் அந்தப் பிறையை நம்பித்தான் சிக்னலில் நிற்க வேண்டியிருக்கிறது.

அடைப்பை எடுக்கக் கம்பியை விட்டுக் குத்துவது பழக்கத்தில் இருக்கிறது. அது கூடாது. பித்தளை மென்மையானது. 0.40 மி.மீ. துளை 0.44 ஆனாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதுவரை லீனாக இருந்த வண்டி அன்றிலிருந்து ரிச் ஆகி, அதாவது பெட்ரோல் மிகுந்து, கரும்புகை கக்கும். கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, ஏர் அடித்து எடுப்பதே சரி.

புதுச்சேரியின் நான்கு காரணங்கள்

எஞ்சினின் இயற்பியல் உலகெங்கும் ஒன்று. அது பழுதாகும் விதம் ஊருக்கு ஊர் மாறும்.

முதல் காரணம், நின்றுபோன பெட்ரோல். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பிரான்சிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வருவார்கள். மற்ற மாதங்களில் வீட்டு வண்டி துணி போர்த்தி நிற்கும். இந்தக் காலத்தில் கார்ப்பரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். மிச்சம் இருப்பது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். அது முதலில் அடைப்பது மிகச் சிறிய துளையான ஸ்லோ ஜெட்டைத்தான். டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றினால் மட்டும் இது தீராது. வண்டியை நிறுத்திவைக்கும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

இரண்டாவது, உப்பு. கடலிலிருந்து வரும் நுண்ணிய உப்புத்துகள் பிளக் மூடியிலும் காயிலிலிருந்து வரும் வயரிலும் படிகிறது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோர ஊரில் பெரும்பாலான இரவுகள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றன. உப்புநீர்ப் படலம் மின்கடத்தி. பிளக் முனையில் பாய வேண்டிய பல ஆயிரம் வோல்ட், வயரின் மேற்பரப்பிலேயே கசிந்து எஞ்சின் உடம்பில் இறங்கிவிடும். காலையில் தடுமாறி, எஞ்சின் சூட்டில் வயர் உலர்ந்ததும் சரியாக ஓடும் வண்டிக்கு இதுதான் நோய். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், பழைய வயரின் மேல் நீலப்பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது, மழைநீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வண்டிகள் தண்ணீரில் நின்றன. நீர் பெட்ரோலைவிடக் கனமானது. டேங்கின் அடிக்கும், அங்கிருந்து கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடிக்கும் இறங்கிவிடும். ஜெட்டுகள் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திருப்பி, வரும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வைத்தால், நீர் இருந்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நடுவே கோடு தெரியும். ஏர் ஃபில்டர் வரை நீர் ஏறியிருந்தால் வண்டியைக் கிளப்பவே கூடாது. நீரை அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

நான்காவது, எத்தனால். இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய அதன் எடையைப்போல் 9 மடங்கு காற்று போதும். அதனால் கலப்புப் பெட்ரோலுக்கு 14.7க்குப் பதில் 13.5 பங்கு காற்றுதான் வேண்டும். பழைய ஜெட் பழைய கணக்கிலேயே பெட்ரோலை அளந்து விடும்போது, கலவை ஏறத்தாழ 8 சதவீதம் லீன் ஆகிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே பாதி அடைத்த ஸ்லோ ஜெட்டோடு ஓடும் எஞ்சின் தாங்காது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் உப்பச் செய்கிறது; டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் சேர்க்கிறது. நீரோடும் அது கலந்துகொள்ளும். 10 சதவீத எத்தனால் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 5 மி.லி. நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதற்குமேல் போனால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். இதற்கு மருந்து பழைய ரப்பரை மாற்றுவதும், கார்ப்பரேட்டரின் மிக்ஸர் ஸ்க்ரூவைச் சற்று ரிச் பக்கம் திருப்புவதும்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, உள்ளே திருகினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளக்கிறது, வெளியே திருகினால் ரிச். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது.

நேரத்தைப் படித்தல்

இனி நேரத்துக்கு வருவோம்.

கிளம்பிய ஓரிரு நொடியில், செல்ஃப் பட்டனையோ சாவியையோ விட்ட உடனேயே அணைந்தால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். சாவி ஸ்விட்சின் உள்முனை தேய்ந்திருக்கலாம். எர்த் வயர் உப்பில் அரித்திருக்கலாம்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால், கலவை லீன். சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் ஏற்பாடு. ஐரோப்பாவின் உறைபனிக் காலத்தில் சோக் பல நிமிடம் தேவைப்படலாம். ஜனவரி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் புதுச்சேரியில் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் போதும். அதற்குமேல் சோக் கேட்கும் வண்டி தன் குறையைச் சோக்கால் மூடிக்கொண்டிருக்கிறது. ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது காற்றுக் கசிவு, இரண்டில் ஒன்று. எது என்று அறியச் சாதாரணத் தண்ணீர் ஸ்ப்ரே போதும். எஞ்சின் ஓடும்போது கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இணைப்பில் மட்டும் லேசாகத் தெளியுங்கள். நீர் வெடிப்பைச் சிறிது நேரம் அடைப்பதால் எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். இதைப் பெட்ரோலால் செய்து பார்ப்பவர்கள் உண்டு. தீ விபத்துக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை, செய்யவே கூடாது.

நான்கைந்து நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு பசித்ததுபோல் அணைந்து, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கிளம்பினால், பெட்ரோல் வரத்தில் தடை. நூறு சி.சி. வண்டி ஸ்லோவில் நிமிடத்துக்குக் குடிப்பது சுமார் 3 மி.லி.தான். கிண்ணத்தில் இருப்பதை வைத்தே அது சில நிமிடம் ஓடிவிடும். கிண்ணம் காலியான பிறகுதான் தடை தெரியவரும். அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காசு செலவில்லாமல் தீரும் குறை இது.

குளிரில் நன்றாக ஓடி, சூடான பிறகு தடுமாறினால், கதை நேர்மாறு. கலவை ரிச்சாக இருக்கலாம். ஃப்ளோட் ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிவது, சோக் முழுதாகத் திறக்காமல் சிக்கிக்கொள்வது, ஏர் ஃபில்டர் தூசியில் அடைபடுவது ஆகியவை இதற்குக் காரணம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: கறுப்புக் கரி படிந்திருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன், இளம்பழுப்பாக இருந்தால் சரி. பிளக் நன்றாக இருந்தும் சூட்டில் அணைந்தால், சூடானதும் செயலிழக்கும் காயிலையும், பாயிண்ட் வைத்த பழைய வண்டியாக இருந்தால் கண்டன்சரையும் பாருங்கள். டாப்பெட் இடைவெளி மிகக் குறுகியிருந்தாலும் இதே அடையாளம் தெரியும். சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசிந்துவிடும்.

இன்ஜெக்‌ஷன் வந்த பழைய கார்களிலும் கேள்வி இதேதான், பாகங்களின் பெயர்தான் வேறு. ஸ்லோ ஜெட்டின் இடத்தில், கரி படிந்த த்ராட்டில் பாடியும் ஐடில் வால்வும். சோக்கின் இடத்தில், கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார். எஞ்சின் சூடான பிறகும் அந்தச் சென்சார் குளிர் என்று பொய் சொன்னால் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்றும். காற்றுக் கசிவு அங்கும் காற்றுக் கசிவுதான்.

புகைச் சான்றிதழ் சொல்வது

புகைச் சோதனை மையத்தில் பெட்ரோல் வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டுத்தான் புகையை அளக்கிறார்கள். 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. அதன் பின் வந்தவற்றுக்கு 3.5; பாரத் ஸ்டேஜ் 4க்குப் பிறகு வரம்பு இன்னும் இறுகியது. சான்றிதழை வாங்கி வண்டியில் மடித்து வைத்துவிடுகிறோம். அதில் அச்சாகியிருக்கும் எண் உங்கள் எஞ்சினின் ஸ்லோ கலவையைப் பற்றிய நேரடி அறிக்கை. கார்பன் மோனாக்சைடு கூடியிருந்தால் ரிச். ஹைட்ரோகார்பன் மட்டும் கூடியிருந்தால் கலவை எரியாமலே வெளியேறுகிறது, மிஸ்ஸிங் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு என்பதால், மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

பழைய வண்டியைக் காப்பாற்றுவது பணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமல்ல. சரியாக எரியும் எஞ்சின், சிக்னலில் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் மூச்சுக்கும் நல்லது. அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது அணைகிறது, சோக் எப்படி இருந்தது, மழை நாளா, எத்தனை நாள் நின்ற வண்டி, கடைசிப் புகைச் சோதனையில் என்ன எண் வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அந்தச் சீட்டைப் படித்த பிறகே ஸ்பேனரை எடுப்பார்.